அந்த இருக்கை ஏன் காலியாக இருந்தது

போன மாதம் ஒரு சான்றிதழில் கையெழுத்து வாங்க எங்கள் பழைய டெப்போவுக்குப் போயிருந்தேன். கேன்டீனில் புதிதாகச் சேர்ந்த நடத்துநர் பிள்ளைகள் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பஸ்ஸில் பெண்களை முறைத்துப் பார்க்கிற, சீண்டுகிற ஆளை நடத்துநரே இறக்கிவிடலாம், ஸ்டேஷனில் ஒப்படைக்கலாம் என்று இப்போது விதியிலேயே எழுதிவிட்டார்கள் இல்லையா? அதைப் பற்றி அவர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறார்கள். அதில் ஒருவன் கேட்டான்: "தலைவரே, முப்பது வருசம் இந்த ரூட்டுல ஓடியிருக்கீக. தப்பான ஆள மொகத்தப் பாத்ததும் எப்பிடிக் கண்டுபிடிப்பீக?"

எனக்கு டீ புரையேறிவிட்டது. "நான் எங்கடா கண்டுபிடிச்சேன்? அப்பிடி ஒரு ஆளக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி உக்கார வச்சவனே நான்தான்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர்களுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்த கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. பயிற்சி என்று சில நாள் ஒரு மூத்த நடத்துநர் பின்னால் சுற்றினேன். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ. கூட்டத்தில் இடுப்பைக் கம்பியில் முட்டுக்கொடுத்துக்கொண்டு இரண்டு கையாலும் டிக்கெட் கிழிக்கப் பழகியதும் என்னைக் குமுளி – தேனி தடத்தில் தனியாக விட்டுவிட்டார்கள். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று அந்த ஒரே ரோட்டில்தான் என் தலைமுடி நரைத்தது.

சட்டப்படி என் வேலை டிக்கெட் கொடுப்பதும் ஆளை ஏற்றி இறக்குவதும்தான். நானாகச் சேர்த்துக்கொண்ட வேலை ஒன்று உண்டு. இரண்டு பேர் சீட்டில் ஒரு ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் எனக்குப் பொறுக்காது. டிக்கெட் கொடுக்கிற சாக்கில் குனிந்து பெண்ணின் காலைப் பார்ப்பேன். மெட்டி இருந்தால் புருஷன் பெண்டாட்டி. இல்லையென்றால், "தம்பி, எந்திரிச்சுப் பின்னால வாப்பா. பொம்பளப்பிள்ளைக உக்காரணும்" என்று பையனை எழுப்பிவிடுவேன். ஊரில் உள்ள பெண்பிள்ளைகளுக்கெல்லாம் நான்தான் அண்ணன் என்ற நினைப்பு. கல்யாண வீட்டில் பந்தியில் ஆளை மாற்றி மாற்றி உட்கார வைப்பவரைப் போல நான் செய்வதைப் பார்த்து, 'பந்தி' செல்லையா என்று எனக்குப் பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். அந்தப் பெயரில் எனக்குப் பெருமை வேறு.

ஒருமுறை குமுளியில் ஏறிய மலையாளத்து ஜோடியிடம் இந்த வேலையைக் காட்டினேன். காலில் மெட்டி இல்லை. பையனை எழுப்பினேன். அந்தப் பெண், "ஞங்ஙள் கல்யாணம் கழிச்சதாணு!" என்று எழுந்து நின்று, செல்போனில் இருந்த கல்யாணப் போட்டோவை முதல் சீட்டிலிருந்து கடைசி சீட்டு வரை எல்லோருக்கும் காட்டினாள். பஸ்ஸே சிரித்தது. அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது என்ன தெரியுமா? கேரளத்து ஆட்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதை மட்டும்தான். பட்டும் புத்தி வரவில்லை.

நான் செய்வதை மெச்சிக்கொள்ள ஒருவர் இருந்தார். உத்தமபாளையத்தில் ஏறி தேனியில் இறங்குவார். ஏதோ ஓர் அலுவலகத்தில் சூப்பிரண்ட். எது என்று சொல்லமாட்டேன், அந்த அலுவலகம் என்ன பாவம் செய்தது? வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மடித்த செய்தித்தாள். சில்லறை இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. நடத்துநருக்கு இதைவிட நல்ல மனிதர் யார்? "உங்களை மாதிரி ரெண்டு பேரு இருந்தா நாடு உருப்படும் தம்பி" என்பார். சில நாள் கண்ணால் சாடை காட்டுவார்: "அங்கன பாருங்க, காலங்காத்தால." நான் போய்ப் பையனை எழுப்புவேன். "சார், நீங்க உக்காருங்க. அப்பா மாதிரி" என்று அவரை அந்த இடத்தில் உட்கார வைப்பேன். அந்தப் பெண்பிள்ளைக்கு நல்லது செய்துவிட்ட திருப்தியோடு முன்னால் போவேன்.

கூடலூரிலிருந்து நர்சிங் படிக்கத் தேனிக்குப் போய்வந்த ஒரு பெண் இருந்தாள். அவள் உண்மைப் பெயர் வேண்டாம், தேவி என்று வைத்துக்கொள்வோம். அவளோடு படிக்கிற ஜோசப் என்ற பையன் அனுமந்தன்பட்டியில் ஏறுவான். அதுவரை பக்கத்து இடத்தில் தன் பையை வைத்துப் பிடித்துவைத்திருப்பாள். இரண்டு மூன்று நாள் பார்த்தேன். ஒருநாள் காலை உத்தமபாளையத்தில் ஏறிய சூப்பிரண்ட் சார் என் பக்கத்தில் வந்து, "என்ன தம்பி, கண்டும் காணாம விட்டுட்டீகளா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. போய் ஜோசப்பை எழுப்பினேன். தேவி, "அண்ணே, அவன் இருக்கட்டும்ணே" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் கோபம். "இருக்கட்டுமா? படிக்கப் போறியா, வேற எங்கயும் போறியா?" என்று பத்துப் பேர் கேட்க அதட்டினேன். ஜோசப் பின்னால் போனான். சார் உட்கார்ந்தார்.

சின்னமனூர் தாண்டியதும் முன்னால் நின்று டிரிப் ஷீட்டில் டிக்கெட் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். "கைய எடுங்க!" என்று ஒரு சத்தம். திரும்பினால் தேவி நடைபாதையில் நிற்கிறாள். பையை நெஞ்சோடு அணைத்திருக்கிறாள். சார் பதறவே இல்லை. "தம்பி, என்னன்னு கேளுங்க. நான் பாட்டுக்குப் பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கேன்" என்றார். பின் சீட்டிலிருந்து ஒருவன், "அந்தப் பய பக்கத்துல இருந்தப்ப இந்தச் சத்தம் வரலயே" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒருவன் செல்போனை எடுத்து அந்தப் பிள்ளையைத்தான் படம் பிடித்தான், சாரை அல்ல. குமுளியிலிருந்து வந்த ஓர் அம்மா மட்டும், "மோளே, இவிடெ வா" என்று அவளை இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"கண்டக்டர்தான் என்னை இங்கன உக்காரச் சொன்னாரு. நீங்களே கேட்டுக்கங்க" என்றார் சார். பஸ் முழுக்க என்னைப் பார்த்தது.

இந்த மாதிரி நேரத்துக்கென்று என்னிடம் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும். "சரி சரி விடுங்க. நீ முன்னால வந்து நில்லும்மா." எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றும் அதுதான் வாயில் வந்தது. அப்போதுதான் பார்த்தேன், தேவியின் விரல்களுக்கு நடுவில் துப்பட்டாவில் குத்துகிற ஊக்கு விரிந்து இருந்தது. சாருடைய வெள்ளைச் சட்டைக் கையில் புதிதாக ஒரு பொட்டு ரத்தம். பேப்பர் படித்துக்கொண்டிருந்த கையில், பக்கத்து சீட்டுக்காரப் பிள்ளையின் ஊக்கு எப்படிக் குத்தும்? வாயில் வந்த வாக்கியத்தை விழுங்கிவிட்டேன்.

டிரைவர் பரமன் என்னைவிட மூத்தவர். அவர் பக்கத்தில் போய், "அண்ணே, எங்கயும் நிறுத்தாதீக. நேரா ஸ்டேஷனுக்கு விடுங்க" என்றேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயணிகள்தான் கத்தினார்கள். ஆஸ்பத்திரிக்கு நேரமாகிறது, கோர்ட்டுக்கு நேரமாகிறது, ஒரு பொம்பளப்பிள்ளைக்காக ஊரையே காக்க வைக்கிறதா என்றெல்லாம். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வழியிலிருந்த ஸ்டேஷனில் புகாரை எழுதத் தொடங்கியவர் முதலில் கேட்டது, "அப்பா நம்பர் சொல்லும்மா." தேவி அதுவரை அழவில்லை, அதைக் கேட்டதும் அழுதுவிட்டாள். "அப்பாக்கு வேணாம் சார். எங்க அக்கா ஒரு பையன்கூடப் பேசுனான்னு பிளஸ் டூவோட நிறுத்திக் கட்டிக் குடுத்துட்டாக. எனக்கு இன்னும் ஒரு வருசந்தான் சார் இருக்கு." வயது பதினெட்டு முடிந்துவிட்டதால் அவள் கையெழுத்தே போதும் என்று ஒரு பெண் காவலர் எடுத்துச் சொல்லி, அப்பாவைக் கூப்பிடாமல் எழுதி வாங்கினார்கள்.

வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது தேவி கேட்டாள்: "அவன ஏண்ணே எந்திரிக்கச் சொன்னீக?"

நான் தோள்பைக்குள் கையை விட்டுச் சில்லறையைத் துழாவினேன்.

"முன்னாடி ரெண்டு தடவ நான் தனியா வந்தப்ப, அவர என் பக்கத்துல நீங்கதான் உக்கார வச்சீக. அந்தாளு கை சும்மா இருக்காது. பயந்துக்கிட்டு சொல்லல. அதுக்காகத்தான் ஜோசப்ப எம்பக்கத்துல உக்காரச் சொன்னேன். எனக்கு இருந்த ஒரு காவலையும் நீங்க எழுப்பி விட்டுட்டீக."

என் வாழ்க்கையில் பலர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஆனால் இந்தப் பிள்ளை குரலை உயர்த்தாமல் சொன்னது வேறு மாதிரி வலித்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கதை அதோடு முடியவில்லை. இரண்டாம் நாளே சார் எங்கள் டெப்போவுக்கும் தேவியின் கல்லூரிக்கும் மனு அனுப்பிவிட்டார். அந்தப் பெண்ணும் பையனும் பேருந்தில் ஒழுக்கக்கேடாக நடந்துகொண்டார்கள், நடத்துநரே பையனை எழுப்பித் தன்னை அங்கே உட்கார வைத்தார், அந்த ஆத்திரத்தில் தன் மேல் பழி போடுகிறாள் என்று. கல்லூரியில் தேவிக்கு நோட்டீஸ்: திங்கட்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். பேருந்தில் நடந்தது என்ன என்று டெப்போவுக்கும் ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருந்தார்கள். எனக்கு மெமோ. ஆக, என் விளக்கத்தில்தான் அந்தப் பிள்ளையின் படிப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் கிளை மேலாளரைப் பற்றிச் சொல்லவேண்டும். அதட்டமாட்டார், மேசையைத் தட்டமாட்டார். நாம் எழுதிக் கொடுத்ததைப் பென்சில் முனையை வரிக்குக் கீழே நகர்த்திக்கொண்டே படிப்பார். பொய் வருகிற இடத்தில் பென்சில் நின்றுவிடும். ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். அவ்வளவுதான். அந்தப் புள்ளிக்கு டெப்போவே நடுங்கும்.

என் முதல் விளக்கம் பிரமாதமான அலுவலகத் தமிழில் இருந்தது. "மேற்படி பெண் பயணியின் அருகிலிருந்த இருக்கை காலியாக இருந்தபடியால் மேற்படி நபர் அதில் அமர்ந்தார்." பென்சில் நின்றது. புள்ளி விழுந்தது.

"செல்லையா, அந்த இருக்கை ஏன் காலியா இருந்துச்சு?"

"பையன் எந்திரிச்சுட்டான் சார்."

"தானாவா?"

நான் காலைப் பார்த்தேன்.

"பாருங்க. அந்த மனுசன் மனுவுல ஓர் உண்மை இருக்கு, நீங்கதான் பையன எழுப்புனீங்கன்னு. உங்க விளக்கத்துல அது இல்ல. அந்த ஓர் உண்மைய வச்சுக்கிட்டு மிச்சத்தையும் அவர் உண்மையாக்கிருவாரு. போயி எழுதிட்டு வாங்க."

இரண்டாவது தடவை, "பேருந்தில் ஒழுங்கைக் காக்கும் பொருட்டு" பையனை எழுப்பியதாக எழுதினேன். 'ஒழுங்கு' என்ற சொல்லுக்கு ஒரு புள்ளி. "அவங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்க?" "உக்காந்திருந்தாக சார்." "உக்காந்திருந்தது எந்த விதிப்படி தப்பு?" மெட்டி பார்க்கிற விதியை நான் எப்படி அவரிடம் சொல்வேன்? "இது யார் யோசனை? உங்களுக்கே தோணுச்சா, யாராவது சொன்னாங்களா? இதுக்கு முன்னாடி எத்தனை தடவை?" என்றார். நாளைக்குள் வேண்டும் என்று தாளைத் திருப்பித் தந்தார். அன்று வியாழக்கிழமை.

கேன்டீனில் பரமனிடம் புலம்பினேன். டிரைவருக்கு முன்னால் கண்ணாடி இருக்கிறதே, எனக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும்.

"எத்தன தடவையா? பத்துக்குக் கொறையாது" என்றார். "அவரு கண்ணக் காட்டுவாரு, நீ எழுப்புவ, அவரு உக்காருவாரு. ஒரு பிள்ள வழியிலேயே எறங்கிக்கிருச்சு. நெசத்தச் சொல்லவா? நீயும் அந்தாளும் கூட்டாளிகன்னுல்ல நெனச்சுட்டேன்."

"அண்ணே!"

"பின்ன என்ன? நான் வண்டிய ஓட்டுவேனா, ஒன் பந்தியப் பாப்பேனா?"

அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ஆனால் அவரைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை? திருடனைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலில் காவல் நின்றவன் நான்.

மூன்றாவது விளக்கத்தை டெப்போ படிக்கட்டில் உட்கார்ந்து எழுதினேன். 'மேற்படி' எல்லாம் போட வரவில்லை. அந்தப் பெண்ணும் பையனும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதினேன். இந்த நபர் சொன்னதன் பேரில் நான் பையனை எழுப்பினேன், அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லியும் எழுப்பினேன். இதற்கு முன்னும் பல நாள் அவர் சொல்லிப் பல பையன்களை எழுப்பி அவரையே உட்கார வைத்திருக்கிறேன், ஓட்டுநர் சாட்சி. எழுப்ப எனக்கு அதிகாரம் கிடையாது. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததற்கு வழி செய்து கொடுத்தவன் நான். கையெழுத்தும் போட்டேன். வேலை போனாலும் போகும் என்றுதான் நினைத்தேன்.

மேலாளர் படித்தார். பென்சில் கடைசி வரி வரை நிற்காமல் போனது. "இதுல ஒரு நகல் கல்லூரிக்கு, ஒண்ணு ஸ்டேஷனுக்கு" என்று எழுத்தரிடம் கொடுத்தார். என்னிடம், "உங்க மேல நடவடிக்கை உண்டு" என்றார். "சரிங்க சார்" என்றேன். இதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த அறையிலிருந்து வெளியே வரும்போது ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. பணிப்பதிவேட்டில் 'கண்டிக்கப்பட்டார்' என்று ஒரு வரி ஏறியது. ஓய்வு பெறும் வரை அது அங்கேயே இருந்தது, இருக்கட்டும். சார் மேல் வழக்குப் பதிவானது. நானும் பரமனும் பின்னால் கோர்ட்டுக்குப் போய்ச் சாட்சி சொன்னோம். அவர் அதன்பிறகு எங்கள் பஸ்ஸில் ஏறியதில்லை.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை எனக்கு இதெல்லாம் தெரியாது. கடிதம் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்ததா, படித்தார்களா, அதற்குள் கூடலூரில் அவள் அப்பாவுக்குச் சேதி போய்விட்டதா, ஒன்றும் தெரியவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை கூடலூர் நிறுத்தம் வருவதற்கு முன்பே பரமன் வேகத்தைக் குறைத்தார். அவருக்கும் அதே கவலைதான். நிறுத்தத்தில் கூட்டம். அவள் நிற்கிற இடத்தில் ஒரு தாத்தா நின்றார். 'போச்சு, நிறுத்திவிட்டார்கள்' என்று விசிலை வாயில் வைத்தேன். வைத்தேனே தவிர ஊதவில்லை. அந்தத் தாத்தாவுக்குப் பின்னாலிருந்து வெள்ளைக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு ஓடிவந்து ஏறினாள் தேவி. "ஆத்தாடி!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பஸ் பாஸைக் காட்டினாள். நான் அதைப் பார்க்கவே இல்லை. "என்னாச்சு ஆத்தா?"

"சனிக்கிழம பிரின்சிபால் மேடம் கூப்பிட்டாக. அப்பா வரவேணாம், நீ கிளாசுக்கு வான்னுட்டாக." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க எழுதுனத எனக்கு வாசிச்சுக் காட்டுனாகண்ணே" என்றாள்.

"எல்லாம் என் தப்புத்தான் தாயி."

'பரவாயில்லண்ணே' என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "ஆமாண்ணே" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னலோர சீட்டில் போய் உட்கார்ந்தாள். அதுவும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. உள்ளதைச் சொன்னாளே.

அனுமந்தன்பட்டியில் ஜோசப் ஏறினான். என்னைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். "ஏலே, எடம் கெடக்குல்ல? அந்தப் பிள்ளையக் கேட்டு உக்காரு" என்றேன். தேவி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்தான். பின் சீட்டில் ஒருவர் இருமினார். நான் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தேன், இருமல் நின்றுவிட்டது.

சின்னமனூர் தாண்டி டிக்கெட் எல்லாம் கொடுத்து முடித்துத் திரும்பிப் பார்த்தேன். தேவி தூங்கிக்கொண்டிருந்தாள். தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, மடியிலிருந்த பையை விட்டுவிட்டுக் கை தளர்ந்து கிடந்தது. எத்தனை மாதமாக என் பஸ்ஸில் வருகிறாள், அவள் கண்ணயர்ந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கூடலூரிலிருந்து தேனி வரை விழித்தபடியே வந்திருக்கிறாள். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண் கலங்கிவிட்டது, டிரிப் ஷீட்டை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

வீரபாண்டியில் ஒரு கூட்டம் ஏறியது. அதில் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்த இரண்டு பேரிடம், "மெதுவாப் பேசுங்கய்யா" என்றேன். எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தேனிக்குள் நுழைந்ததும் பரமன் கண்ணாடியில் பார்த்து, "அந்தப் பிள்ளையக் கூப்பிடு, எடம் வரப்போகுது" என்றார். கல்லூரிக்கு இன்னும் இரண்டு நிறுத்தம் இருந்தது.

"இன்னும் ரெண்டு நிமிசம் தூங்கட்டும்ணே" என்றேன்.